பொருந்தும் ரூட்டர், பொருந்தா ரூட்டர்: ஓர் அட்டவணையின் வரலாறு

கணினி வலையமைப்பை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: திறமூல நிலைபொருளை நிறுவிக்கொள்வதற்கு எந்த வீட்டு ரூட்டரை வாங்குவது? கேட்டவருக்கு ஒரு மாதிரியின் பெயர் விடையாகக் கிடைக்கும். அந்த விடையின் ஆயுள் பெரும்பாலும் ஓராண்டுதான். அதே பெயர் அச்சிட்ட பெட்டிக்குள் அடுத்த ஆண்டு வேறு சில்லு இருக்கும், அல்லது நினைவகம் பாதியாகக் குறைந்திருக்கும். ஆகவே இந்தப் பதிவில் நான் எந்த மாதிரியையும் பரிந்துரைக்கப் போவதில்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் திட்டத்தார் பராமரித்துவரும் வன்பொருள் அட்டவணையை எப்படி வாசிப்பது என்பதை, அந்த அட்டவணை உருவான வரலாற்றின் வழியாகச் சொல்ல முயல்கிறேன். பதிவு சற்று நீளும்.

அட்டவணை மேலோட்டமாகப் பார்ப்பதற்கு வறண்டது. உற்பத்தியாளர், மாதிரி, பதிப்பு எண், சில்லு, ஃபிளாஷ் அளவு, ரேம் அளவு, எந்த வெளியீட்டிலிருந்து ஆதரவு, எந்த வெளியீட்டோடு நின்றுபோயிற்று என்று நிரல்கள் நீளும். பழைய நில அளவைப் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: அங்கே ஒவ்வொரு கலமும் யாரோ எதையோ கோரியதன், யாரோ எதையோ மறுத்ததன் எச்சம். இந்த அட்டவணையும் அப்படிப்பட்டதே. பதிப்பு எண்ணுக்குத் தனி நிரல் ஏன் வந்தது, ஃபிளாஷ் அளவை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள், ஒரு நிறுவனத்தின் சில்லைக் கண்டதும் அனுபவமுள்ளவர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பவற்றுக்கெல்லாம் தேதியிட்ட காரணங்கள் இருக்கின்றன.

முதலில் ஓர் அடிப்படை ஐயத்தைத் தீர்த்துக்கொள்வோம். மேசைக்கணினி எதுவாயினும் அதில் லினக்சை நிறுவிவிடுகிறோமே, ரூட்டரில் ஏன் முடிவதில்லை? மேசைக்கணினியில் இயங்குதளத்துக்கும் வன்பொருளுக்கும் நடுவே பொதுத் தரமான ஓர் அடுக்கு இருக்கிறது. கணினியைத் தொடங்கி, இன்ன இடத்தில் இன்ன கருவி இருக்கிறது என்று அது இயங்குதளத்துக்கு அறிமுகம் செய்துவைக்கும். வீட்டு ரூட்டர்களில் அப்படி ஒரு பொது அடுக்கு வளரவில்லை. எந்த மின்காலில் எந்த விளக்கு இணைந்திருக்கிறது, ஃபிளாஷில் எந்த முகவரியில் வானொலி அளவுத்திருத்தத் தரவு பதிந்திருக்கிறது, ஐந்து வலைக்குழிகளில் எது வெளியுலகுக்கானது என்பதையெல்லாம் பலகைக்குப் பலகை தனியே எழுதித்தர வேண்டும். அதை எழுத ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து, தொடர்முகக் கம்பியை இணைத்து, துவக்கி நிரலின் பேச்சை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும். அட்டவணையின் ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் அப்படி ஒருவருடைய உழைப்பு இருக்கிறது. அப்படி ஒருவர் கிடைக்காத ரூட்டர், எவ்வளவு நல்ல வன்பொருளாக இருந்தாலும், பொருந்தாத ரூட்டர்தான்.

கதை 2002 டிசம்பரில் தொடங்குகிறது. அமெரிக்காவின் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்னும் ரூட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்பும் கலந்த பெட்டி, இரண்டு அலைவாங்கிகள். உள்ளே பிராட்காம் சில்லு, 4 எம்பி ஃபிளாஷ், 16 எம்பி ரேம். 2003 மார்ச்சில் லிங்க்சிசை ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளுக்கு வாங்குவதாக சிஸ்கோ அறிவித்தது. வலையமைப்பு உலகின் பெரிய நிறுவனம் வீட்டுச் சந்தைக்குள் நுழைந்த தருணம் அது. சில மாதங்களிலேயே வாங்கிய சொத்துடன் ஒரு கடப்பாடும் சேர்ந்து வந்திருப்பது தெரிந்தது. 2003 ஜூனில் ஆண்ட்ரூ மிக்லஸ் என்பவர் லினக்ஸ் கருவக மடற்குழுவில் ஒரு செய்தியை வைத்தார்: இந்த ரூட்டரின் நிலைபொருளில் லினக்ஸ் உள்ளிட்ட ஜிபிஎல் உரிம நிரல்கள் இருக்கின்றன, ஆனால் மூலநிரல் எங்கும் தரப்படவில்லை.

ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை எளிமையானது. இந்த நிரலை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம்; விற்றால் வாங்குபவருக்கு மூலநிரலையும் அதே உரிமைகளோடு தர வேண்டும். சிக்கல் வழங்கல் சங்கிலியில் இருந்தது. சிஸ்கோ வாங்கியது லிங்க்சிசை; லிங்க்சிஸ் வாங்கியது பிராட்காமின் சில்லை; அந்தச் சில்லுக்கான மென்பொருளை உருவாக்கும் பணி தைவானின் சைபர்டான் நிறுவனத்திடம் போயிருந்தது. கடைசிக் கண்ணியில் எடுத்தாளப்பட்ட நிரலின் கடப்பாடு முதல் கண்ணியில் இருந்தவரின் தலையில் வந்து இறங்கியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் லிங்க்சிஸ் மூலநிரலை வெளியிட்டது. சிஸ்கோவின் பெருந்தன்மை என்றும் தன்னார்வலர்களின் வெற்றி என்றும் இரு விதமாக இதைச் சொல்வதுண்டு. உரிம ஆவணம் ஒன்று தன் வேலையைச் செய்தது என்று சொல்வதே சரியாக இருக்கும் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டே அது நீதிமன்றத்திலும் நிரூபணமாயிற்று. லினக்சின் தீச்சுவர் நிரல்களை எழுதியோரில் ஒருவரான ஹரால்ட் வெல்டே, சைட்காம் என்னும் ரூட்டர் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், மூனிக் மாவட்ட நீதிமன்றம் 2004 ஏப்ரலில் தற்காலிகத் தடை விதித்து மே மாதம் அதை உறுதி செய்தது. உரிமத்தின் செல்லுபடி ஒரு வீட்டு ரூட்டரை வைத்தே சோதிக்கப்பட்டது என்பது தற்செயல் அன்று. லினக்ஸ் முதன்முதலாகக் கோடிக்கணக்கான வீடுகளுக்குள், அது லினக்ஸ் என்று அறியாதவர்களிடம், போய்ச் சேர்ந்தது இந்தப் பெட்டிகளுக்குள்தான்.

வெளிவந்த மூலநிரலைத் தளமாகக்கொண்டு 2004 ஜனவரியில் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. பெயரின் பிற்பாதி அந்த ரூட்டரின் மாதிரிப் பெயரேதான். தொடக்கத்தில் லிங்க்சிசின் நிரலைச் சார்ந்திருந்தவர்கள் விரைவில் அதை விட்டு விலகி, பொதுக் கருவகத்தின் மீது தம் திருத்தங்களை அடுக்கும் முறைக்கு மாறினார்கள். இந்த மாற்றம் சிறியதாகத் தோன்றும். பொருத்தம் என்ற சொல்லுக்கு இன்றிருக்கும் பொருள் இங்கேதான் பிறந்தது. உற்பத்தியாளர் தந்த நிரலை ஒருமுறை ஓட்டிக்காட்டினால் போதாது, பொதுக் கருவகம் வளர வளர அந்த வன்பொருளும் கூடவே வர வேண்டும் என்பது இதன்பின் அளவுகோலாயிற்று. உற்பத்தியாளர் மூலநிரலைக் கொடுத்திருக்கிறாரே, இன்னும் ஏன் ஆதரவு இல்லை என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. ஐந்தாண்டுப் பழைய கருவகத்தில் மட்டும் ஓடும் நிரல், சட்டத்தின் கண்ணில் கடனைத் தீர்த்துவிடும்; பயன்படுத்துபவருக்கு அதனால் அதிகம் கிடைப்பதில்லை.

பதிப்பு எண்ணுக்கு வருவோம். 2005இன் பிற்பகுதியில் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரின் ஐந்தாம் பதிப்பு வந்தது. அதே பெயர், அதே நீலக் கறுப்புப் பெட்டி. உள்ளே லினக்ஸ் இல்லை. விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் மூடிய இயங்குதளம் இருந்தது. அதற்குக் குறைந்த இடம் போதும் என்பதால் ஃபிளாஷ் 2 எம்பியாகவும் ரேம் 8 எம்பியாகவும் பாதியாயின. கணக்கு வெளிப்படையானது: இலட்சக்கணக்கில் விற்கும் பொருளில் ஒவ்வொரு நினைவகச் சில்லிலும் மிச்சப்படும் சில சென்ட்டுகள் பெருந்தொகையாகும். பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அதே காலத்தில் லிங்க்சிஸ், பழைய நான்காம் பதிப்பின் வன்பொருளை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில், லினக்ஸ் விரும்பிகளுக்கென்று தனியே விற்கத் தொடங்கியது. அது பல ஆண்டுகள் விற்பனையில் நின்றது. எல்லோருக்கும் கிடைத்துவந்த உரிமை இப்போது தனிப் பெயரும் தனி விலையும் கொண்ட பண்டமாயிற்று.

அதிலிருந்து, மாதிரிப் பெயர் ஒரு ரூட்டரை அடையாளம் காட்டப் போதுமானதன்று. நம் நாட்டுக் கடைகளில் நெடுங்காலம் மலிவாகக் கிடைத்த டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் நல்ல உதாரணம். அதன் பன்னிரண்டாம் பதிப்புவரை ஏதெராஸ் வழிச் சில்லுகள். பதின்மூன்றில் மீடியாடெக் சில்லு, 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். பதினான்கில் அதே மீடியாடெக், ஆனால் 4 எம்பியும் 32 எம்பியும். புதிய பதிப்பு பழையதைவிட வலுவாக இருக்கும் என்ற இயல்பான ஊகம் இங்கே தலைகீழாகிறது. அதே நிறுவனத்தின் ஆர்ச்சர் சி6 இரண்டாம் பதிப்பில் குவால்காம் சில்லு, மூன்றாம் பதிப்பில் மீடியாடெக். போதாக்குறைக்கு இரண்டாம் பதிப்பிலேயே ஐரோப்பியச் சந்தைக்கு ஒன்று, அமெரிக்கச் சந்தைக்கு ஒன்று என நிலைபொருட் கோப்புகள் வேறு. பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும் பதிப்பு எண்ணும் நாட்டுக் குறியும்தான் அந்தப் பொருளின் உண்மைப் பெயர். இணையக் கடைகள் மாதிரிப் பெயரை மட்டும் காட்டி, பதிப்பை மறைத்தோ மறந்தோ விற்கின்றன. வாங்கிய பிறகு சீட்டைப் பார்த்து, பொருந்தாவிட்டால் உறையைக் கிழிக்காமல் திருப்பியனுப்பும் வழக்கத்தை எங்கள் துறையில் பலர் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

அட்டவணையின் சில்லு நிரல்தான் ஆய்வாளர்களுக்கு மிக முக்கியமானது. அதன் வரலாறும் நீண்டது. பிராட்காமின் வைஃபை சில்லுக்கான இயக்கி நிரல் மூடிய இரும வடிவில் மட்டுமே வந்தது. அது லினக்ஸ் 2.4 கருவகத்தோடு பிணைந்திருந்தது. உலகம் 2.6 கருவகத்துக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆன பின்பும், பிராட்காம் ரூட்டர் வைத்திருந்தவர்கள் வைஃபை வேண்டுமானால் பழைய கருவகத்திலேயே தங்க வேண்டியிருந்தது. தன்னார்வலர்கள் மாற்று இயக்கி ஒன்றை எழுதினார்கள். எழுதிய முறை வரலாற்று மாணவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது: ஒரு குழு மூடிய நிரலை ஆராய்ந்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்று விவரக் குறிப்பு எழுதும், மூடிய நிரலைக் கண்ணாலும் பாராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிய நிரல் எழுதும். பதிப்புரிமை மீறல் என்ற குற்றச்சாட்டுக்கு இடம் தராத ஏற்பாடு. 2006இல் அதன் முதல் வடிவம் கருவகத்தில் சேர்ந்தது.

ஏதெராஸ் வேறு பாதையில் வந்தது. அதன் சில்லுகளுக்கான மேட்வைஃபை இயக்கி பாதி திறந்தது, பாதி மூடியது: வன்பொருளைத் தொடும் அடியடுக்கு மட்டும் இருமமாக இருந்தது. 2008இல் நிறுவனம் தன் புதிய 802.11என் சில்லுகளுக்கு ஏடிஎச்9கே என்னும் முழுத் திறந்த இயக்கியைத் தானே வெளியிட்டது. ஒரு வணிக முடிவுதான். ஆயினும் அதன் விளைவு வணிகத்தைத் தாண்டிப் போயிற்று.

இந்த இடத்தில் இந்தியாவுக்கு வர வேண்டியிருக்கிறது. 2005 ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அவ்வாண்டே இமாச்சலத்தின் தர்மசாலாவில் ஏர்ஜல்டி குழுவினர் மலைச்சரிவுகளில் சமூகக் கண்ணி வலையமைப்பொன்றை அமைத்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது அறைக்குள் வைப்பதற்கென்று செய்யப்பட்ட டபிள்யூஆர்டி54ஜி வகை ரூட்டரைத்தான். கட்டற்ற நிலைபொருளை ஏற்றி, மழைக்கும் மின்னலுக்கும் தாங்கும்படி உறையிட்டு வெளியே நிறுத்தினார்கள். (குரங்குகள் அலைவாங்கிகளைப் பிடித்து ஊஞ்சலாடியது அங்கே எதிர்கொண்ட பொறியியல் சிக்கல்களில் ஒன்று.) இதே காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு, தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களையும் நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளால் இணைத்தது. வைஃபை என்பது ஒரே அறைக்குள் இருப்போர் பேசுமுன் கேட்டுவிட்டுப் பேசும் ஏற்பாடு. பல கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவரின் ஒப்புகை வருவதற்குள் காத்திருப்பு நேரம் முடிந்து, அனுப்பியதையே மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும். ஆய்வாளர்கள் ஒப்புகை முறையை நிறுத்திவிட்டு, நேரத்தைப் பங்கிட்டு முறைவைத்துப் பேசும் நெறியை எழுதினார்கள். 2007இல் வெளியான அவர்களுடைய வைல்ட்நெட் கட்டுரை இன்றும் பாடமாக வைக்கப்படுவது.

அந்த ஆய்வில் பயன்பட்டவை ஏதெராஸ் அட்டைகளும் மேட்வைஃபை இயக்கியும். பாதியேனும் திறந்திருந்த இயக்கி என்பதாலேயே உள்ளே கைவைக்க முடிந்தது. முற்றிலும் மூடிய சில்லை வாங்கியிருந்தால் ஒப்புகையை நிறுத்தும் வழியை விற்பனையாளரிடம் இரந்து கேட்க வேண்டியிருந்திருக்கும். நோயாளி ஊரிலேயே இருந்தபடி மருத்துவரோடு காணொளியில் பேச முடிந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அட்டையில் இருந்த சில்லின் தேர்வும் அவற்றில் ஒன்று.

இன்னொரு சான்று நம் எல்லோர் கருவியிலும் இருக்கிறது. ரூட்டரின் தாங்ககம் அளவுக்கு மீறிப் பெருத்துப்போவதால், ஒருவர் பெரிய கோப்பொன்றை ஏற்றும்போது வீட்டில் மற்றவர்களின் அழைப்பு தடுமாறும் சிக்கலை 2010வாக்கில் ஆய்வாளர்கள் கவனப்படுத்தினார்கள். தீர்வைச் சோதிக்க 2011இல் டேவ் டாட் முதலியோர் செரோடபிள்யூஆர்டி என்ற கிளைத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கட்டிய சோதனைச்சாலை, கடையில் விற்ற நெட்கியர் டபிள்யூஎன்டிஆர்3800 வகை ரூட்டர். காரணம் அதன் உள்ளிருந்த ஏதெராஸ் சில்லும் ஏடிஎச்9கே இயக்கியும். எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மை நெறி 2012இல் லினக்சில் சேர்ந்தது. 2018இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாயிற்று. வைஃபைக்குள்ளேயே வான்நேரத்தை நியாயமாகப் பங்கிடும் பிற்கால ஆய்வும் அதே இயக்கியின் மீதுதான் நடந்தது. வன்பொருள் பொருத்தம் ஆய்வின் கேள்விகளைக்கூடத் தீர்மானிக்கிறது: எந்தச் சில்லைத் திறக்க முடிந்ததோ, அதைப் பற்றிய அறிவுதான் நம்மிடம் சேர்ந்திருக்கிறது. மூடிய சில்லுகளில் என்ன நடக்கிறது என்பதை வெளியிலிருந்து அளந்து ஊகிக்கிறோம்.

நினைவகம் பற்றிச் சுருக்கமாக. டபிள்யூஆர்டி54ஜி காலத்தில் 4 எம்பி ஃபிளாஷ் தாராளம். கருவகம் வளர்ந்தது, குறியாக்க நூலகங்கள் வளர்ந்தன, இடம் போதவில்லை. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் கொண்ட கருவிகளுக்கு 19.07 வெளியீட்டு வரிசையே கடைசி, 21.02இலிருந்து குறைந்தபட்சத் தேவை 8 எம்பி, 64 எம்பி என்றாயிற்று. இப்போது வாங்குவோர் 16 எம்பி ஃபிளாஷும் 128 எம்பி ரேமும் இருப்பதையே தொடக்கக் கோடாகக் கொள்வது நல்லது. விலை இடம் கொடுத்தால் அதற்கு மேலும் போகலாம். பல்லாயிரம் நல்ல கருவிகள் இந்தக் கோட்டுக்குக் கீழே தள்ளப்பட்டுக் குப்பைக்குப் போயின என்பதும் உண்மை. திறமூலம் கருவியின் ஆயுளை நீட்டும் என்ற பொதுக் கூற்றுக்கு இது ஒரு வரம்பு. உற்பத்தியாளர் மிச்சப்படுத்திய சில சென்ட்டுகளின் கணக்கு பத்தாண்டு கழித்து இப்படித் தீர்ந்தது.

அரசின் கை இந்த அட்டவணைக்குள் வந்தது 2014க்குப் பிறகு. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 5 கிகாஹெர்ட்ஸ் விதிகளைத் திருத்தியபோது, ரேடியோ அளவுருக்களை எவரும் மாற்றிவிடாதபடி கருவிகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்றது. விமான நிலையங்களுக்கு அருகே இயங்கும் வானிலை ரேடார்களுக்கு இடையூறு நேர்ந்திருந்தது. ஆகவே கவலை பொய்யன்று. ஆனால் 2015இல் வெளியான வழிகாட்டிக் குறிப்பு, டிடி-டபிள்யூஆர்டி போன்ற பிறர் நிலைபொருளை ஏற்றவிடாமல் எப்படித் தடுக்கிறீர்கள் என்று உற்பத்தியாளர்களைப் பெயர் சொல்லியே கேட்டது. ரேடியோவை மட்டும் பூட்டுவதைவிட முழுப் பெட்டியையும் பூட்டுவது உற்பத்தியாளருக்கு மலிவு. அவ்வாண்டு அக்டோபரில் டேவ் டாட், இணையத்தின் தந்தையருள் ஒருவரான விண்ட் செர்ஃப் உள்ளிட்ட 260க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் ஆணையத்துக்கு எழுதினார்கள்; நவம்பரில் ஆணையம், திறமூல நிலைபொருளைத் தடை செய்வது தன் நோக்கம் அன்று என்று விளக்கமளித்துக் குறிப்பைத் திருத்தியது. ஆயினும் டிபி-லிங்க் அமெரிக்கச் சந்தைக்கான ரூட்டர்களைப் பூட்டிவிட்டது. 2016 ஆகஸ்டில் முடிந்த உடன்பாடு வினோதமானது: 2.4 கிகாஹெர்ட்சில் அனுமதித்த திறனுக்கு மேல் இயங்க வழிவிட்டதற்காக டிபி-லிங்க் 2,00,000 டாலர் தண்டம் கட்டியது. அதே உடன்பாட்டில், பிறர் நிலைபொருளை அனுமதிக்கும் வழியைத் திறமூலச் சமூகத்தோடும் சில்லு நிறுவனங்களோடும் சேர்ந்து காண்பதாகவும் ஒப்புக்கொண்டது. நாட்டுக் குறி மாறினால் பூட்டும் மாறும் என்பதை அட்டவணையின் அடிக்குறிப்புகளில் காணலாம்.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இல் லிங்க்சிஸ், அப்போது அது பெல்கின் வசம் இருந்தது, டபிள்யூஆர்டி1900ஏசி என்ற ரூட்டரை அறிவித்தது. பழைய நீலக் கறுப்பு உருவம் திரும்பியது. ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்கும் என்ற வாக்கும் வந்தது. விற்பனைக்கு வந்தபோது மார்வெல் சில்லுக்கான வைஃபை இயக்கியின் மூலநிரல் பொதுவில் முழுமையாக இல்லை. திட்டத்தின் மடற்குழுவில் கோபம் வெடித்தது. பின்னர் இயக்கி வெளியாயிற்று. ஆனால் சில்லுக்குள் ஓடும் நுண்நிரல் மூடியே இருந்தது. 2019இல் மார்வெல் தன் வைஃபை தொழிலை என்எக்ஸ்பி நிறுவனத்துக்கு விற்றது. அந்த வரிசையில் வந்த ரூட்டர்களின் வைஃபைக் குறைகள் சில தீர்ப்பாரின்றி நின்றுபோயின. இந்தக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒரு நடைமுறை விதி: பெட்டியில் திறமூலம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், இயக்கி பொதுக் கருவகத்துக்குள் சேர்ந்துவிட்டதா, கடந்த ஓராண்டில் அதில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதைப் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

இந்த விதியை இன்றைய நிலைக்கு வைத்துப் பார்த்தால் மீடியாடெக் முன்னால் நிற்கிறது. எம்டி76 என்ற இயக்கி பொதுக் கருவகத்தில் இருக்கிறது; ஓப்பன்டபிள்யூஆர்டியின் மூத்த நிரலாளர்களுள் ஒருவரான ஃபெலிக்ஸ் ஃபீட்காவ் அதை வளர்த்துவந்திருக்கிறார். ஏதெராசை 2011இல் வாங்கிய குவால்காமின் பிற்காலச் சில்லுகளும் பல இடங்களில் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் ஏடிஎச்10கே தொடங்கி நுண்நிரல் சில்லுக்குள் மூடியிருக்கிறது. வைல்ட்நெட் போன்ற ஆய்வை இன்று ஒருவர் செய்ய விரும்பினால், வேகமான புதிய சில்லைவிடப் பழைய ஏடிஎச்9கே அட்டையையே தேட வேண்டியிருக்கும். வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொருந்துவது ஆய்வுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிராட்காம் வைஃபை உள்ள புதிய ரூட்டர்களை இரு நோக்கத்துக்கும் தவிர்த்துவிடலாம்.

திட்டத்தின் இருபதாம் ஆண்டில், 2024 ஜனவரியில், ஓப்பன்டபிள்யூஆர்டி நிரலாளர்கள் தமக்கென ஒரு ரூட்டரைச் செய்வதென முன்மொழிந்தார்கள். சாஃப்ட்வேர் ஃபிரீடம் கன்சர்வன்சி என்னும் அறநிறுவனத்தோடு சேர்ந்து உருவான ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் வெளிவந்தது. பனானா பை செய்த பலகை, மீடியாடெக் ஃபிலாஜிக் 820 சில்லு, 1 ஜிபி ரேம், 256 எம்பி நான்ட் ஃபிளாஷ். அதைத் தவிர, தவறான கோப்பை ஏற்றிக் கெடுத்துக்கொண்டாலும் மீள்வதற்கென எழுத்துப் பாதுகாப்புள்ள தனி நார் ஃபிளாஷ். வெளிவந்தபோது உறையோடு விலை 89 டாலர். டபிள்யூஆர்டி54ஜிஎல் ரூட்டரில் உற்பத்தியாளர் சலுகையாக விட்டுவைத்ததை இங்கே நிரலாளர்களே வரையறுத்திருக்கிறார்கள். நம் ஊருக்கு வந்து சேரும்போது அஞ்சலும் சுங்கமும் சேர்ந்து அது எல்லோருக்கும் எட்டும் விலையில் இல்லை.

நம் வீடுகளின் நிலை இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. இழை இணைப்பு தரும் நிறுவனங்கள் ஒளியிழை முனையத்தையும் ரூட்டரையும் ஒரே பெட்டியாக்கித் தருகின்றன. தொலைவிலிருந்து நிர்வகிக்கும் சாவி அவர்களிடம் இருக்கிறது. அந்தப் பெட்டியின் ஒளியிழைப் பகுதிக்கான நிரல்கள் பெரும்பாலும் மூடியவை. அதற்கு முந்தைய ஏடிஎஸ்எல் காலத்து மோடம்களிலும் இதே கதைதான்: தொலைபேசிக் கம்பியோடு பேசும் பகுதி திறக்காததால், லான்டிக் சில்லுள்ள சிலவற்றைத் தவிர மற்றவை அட்டவணையில் முழு ஆதரவு பெறவே இல்லை. ஆகவே அதை மாற்ற முயல வேண்டாம். அதனைப் பாலமாக மட்டும் இயங்கவைத்து, பின்னால் நம் ரூட்டரை வைப்பதே வழி. எல்லா நிறுவனங்களும் பால முறையை எளிதில் தருவதில்லை. ரூட்டர் வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசியாக, ஆய்வகங்களுக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு. நம் கல்வி நிறுவனங்களின் கொள்முதல் படிவங்களில் ரூட்டருக்கான விவரக்குறிப்பு பெரும்பாலும் வேகம், அலைவாங்கிகளின் எண்ணிக்கை, உத்தரவாத ஆண்டு ஆகிய மூன்றோடு முடிந்துவிடுகிறது. குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவர் அந்த மூன்றுக்கும் பொருந்தும் எதையும் கொண்டுவந்து இறக்கலாம். கேள்வி கேட்க முடியாது. சில்லின் பெயர், வன்பொருள் பதிப்பு எண், ஃபிளாஷ், ரேம் அளவுகள், பொதுக் கருவகத்தில் வைஃபை இயக்கி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, வேறு பதிப்பு வந்தால் திருப்பியனுப்பும் உரிமை ஆகிய ஐந்தையும் தொழில்நுட்பத் தேவையாகவே எழுதலாம்; எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிட வேண்டியதில்லை என்பதால் தணிக்கையிலும் இதற்கு ஆட்சேபம் வர இடமில்லை. அப்படி எழுதிய விவரக்குறிப்பு எவரிடமேனும் இருந்தால் கீழே பதியுங்கள். மற்ற துறைகளுக்கும் பயன்படும்.